கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பை முழுதும் எடுப்பதா? நீலகிரிப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சதை டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்ற சொல்லைப் பார்த்த அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பறப்பார்கள். பறக்க வேண்டாம். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் ஓரிரு நாளில் பெருகிவிடும் நோய் இல்லை. ரிப்போர்ட்களைச் சேர்க்கவும், டாக்டரிடம் இரண்டு முறை உட்கார்ந்து பேசவும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் ஒரு கெடுதலும் இல்லை. நாட்டு மருந்து பார்க்கலாம், தை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

'ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா' என்று கோவையில் டாக்டர் கேட்பார். ஊட்டிக்கோ மஞ்சூருக்கோ பந்தலூருக்கோ திரும்பப் போகிற பெண்ணுக்கு அந்தக் கேள்வியோடு மலைப்பாதையும் சேர்ந்தே வருகிறது. புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில், மலையிலிருந்து வந்த பெண்கள் 'முழுசா எடுத்துடுங்க டாக்டர்' என்று சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். சிலர் பயத்தில் சொல்வார்கள். சிலர், கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கத் தினமும் கீழே இறங்கி வர முடியாது என்பதால் சொல்வார்கள். இரண்டாவது காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தூரக் கணக்கு சில ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது உங்கள் முடிவு.

முதல் படி: கத்தி படுவதற்கு முன் ரிப்போர்ட்கள்

'சின்னக் கட்டிதான், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் நில்லுங்கள். புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கிற கட்டியை ஊசி மூலம் சதை எடுத்து டெஸ்ட் செய்யாமல் அறுத்து எடுக்கக் கூடாது. அப்படி எடுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் நெஞ்சில் தழும்பு தவறான இடத்தில் இருந்தது, கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, எடுத்த சதையின் ஓரம் புற்றுநோய் இல்லாமல் சுத்தமாக இருந்ததா என்றும் எழுதியிருக்கவில்லை. மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத்துண்டுகள் எடுக்கிற 'ட்ரூகட்' டெஸ்ட் பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதனால் நோய் பரவிவிடும் என்பது பொய்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு மார்புக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), மார்புக்கும் அக்குளுக்கும் ஸ்கேன், சதை டெஸ்ட் ரிப்போர்ட், அதோடு ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறதா), ஹெர்-2 (அந்தப் புரதம் கட்டியில் அதிகமா) என்ற மூன்று டெஸ்டின் முடிவுகள். ஹெர்-2 முடிவு '2+' என்று வந்தால் 'ஃபிஷ்' என்ற இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் உறுதியாகும். ஹார்மோன் மாத்திரையா, கீமோவா, ஆபரேஷனுக்கு முன்பே மருந்து ஏற்றலாமா என்பதெல்லாம் இந்த மூன்றை வைத்தே முடிவாகும். சதை டெஸ்டின் ஸ்லைடும், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் உங்களுடையவை. இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உயிர்க் கணக்கை முதலில் தீர்த்துக்கொள்வது

எல்லோருடைய மனத்திலும் இருக்கிற கேள்வி, முழுதாக எடுத்தால் அதிக நாள் இருப்பேனா என்பதுதான். இதற்கு விடை கிடைத்து வெகு காலமாகிறது. இத்தாலியில் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மார்பை முழுதாகவும் இன்னொரு பிரிவுக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கரண்டும் வைத்தார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் இதே கேள்வியோடு இன்னும் பெரிய ஆய்வைத் தொடங்கினார். இரண்டின் 20 ஆண்டு முடிவுகளும் 2002-இல் வெளிவந்தன. இரண்டிலும் உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இருந்தது வேறொன்றில். மிலான் ஆய்வில் அதே மார்பில் நோய் திரும்பியது கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 8.8 சதவீதம். முழுதாக எடுத்தவர்களில் நெஞ்சுச் சுவரில் திரும்பியது 2.3 சதவீதம். முழுதாக எடுத்தாலும் பூஜ்யம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். தழும்பிலும் தோலிலும் வரலாம். நோய் திரும்பியவர்களில் பலருக்கு அப்போது மார்பை எடுத்தார்கள். கடைசிக் கணக்கு சமமாகவே நின்றது. அந்தக் காலத்தில் இன்றைய மாத்திரைகளும் ஹெர்-2 ஊசியும் கிடையாது. இன்று திரும்பும் விகிதம் இன்னும் குறைவு.

ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்காமல் விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கரண்ட் வைத்துக்கொண்டவர்களில் 14.3 சதவீதம். ஆகவே கட்டியை மட்டும் எடுப்பது என்றால் கரண்டும் சேர்த்துத்தான் ஒரு சிகிச்சை. ஆபரேஷன் முடித்துவிட்டுக் கரண்டுக்குப் போகாமல் ஊரிலேயே இருந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அரைகுறையாக நிற்பதைவிட முழுதாக எடுப்பது நல்லது.

கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை எந்த ஆபரேஷன் என்பது தீர்மானிப்பதில்லை. 'முழுசா எடுத்துட்டா கீமோ வேண்டாம்ல?' என்று கேட்காதவர் அபூர்வம். கட்டியின் குணமும் அக்குளில் உள்ள நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்)தான் அதைச் சொல்லும்.

மூன்றாம் படி: உங்களுக்கு இரண்டு வழியும் உண்மையிலேயே திறந்திருக்கிறதா?

சிலருக்கு இந்தக் கேள்வியே எழாது. முன்பே நெஞ்சுக்குக் கரண்ட் வைத்தவர்கள், மார்பு முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளிகள் பரவி மேமோகிராமில் சந்தேகமாகத் தெரிகிறவர்கள், மார்பே சிவந்து வீங்கித் தோல் தடித்த வகை நோய் வந்தவர்கள், ஒன்றுக்கு மேல் முறை எடுத்தும் ஓரம் சுத்தமாகாதவர்கள் ஆகியோருக்கு முழுதாக எடுப்பதே வழி. ஒரே மார்பில் வேறு வேறு மூலைகளில் கட்டிகள் இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கும்போது கரண்ட் வைக்கக் கூடாது. பிரசவத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து டாக்டர் வழி சொல்வார்.

கட்டி பெரிது, மார்பு சிறிது என்பது மட்டும் காரணம் என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிய பிறகு ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால், மருந்து ஏற்றுவதற்கு முன் கட்டிக்குள் சின்ன உலோகக் கிளிப் வைக்கச் சொல்ல வேண்டும். கட்டி முழுதாகக் கரைந்துபோனால் எந்த இடம் என்று தெரிய அதுதான் அடையாளம்.

சின்ன வயதில் வந்திருந்தால், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அல்லது மூன்று டெஸ்டும் நெகட்டிவ் என்றால், பரம்பரையாக வரும் அபாயத்தைக் காட்டுகிற பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். அதில் பிழை இருந்தால் அடுத்த மார்பையும் எடுப்பது பற்றி யோசிக்கலாம். பிழை இல்லாதவர்கள் பயத்தில் இரண்டையும் எடுத்துக்கொள்வதால் ஆயுள் கூடுவதில்லை.

நான்காம் படி: கரண்டும் மலைப்பாதையும்

மலைக்காரர்களின் முடிவு பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது.

முன்பெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வாரம், 25 முறை. அதற்கு மேல், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று இன்னும் சில நாட்கள். இப்போது 15 அல்லது 16 முறை என்ற மூன்று வாரக் கணக்கு உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 25 முறை வைப்பதற்கு இது குறைந்ததில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. 2020-இல் வந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று ஒரே வாரத்தில் 5 முறை வைத்தால் போதும் என்றும் காட்டியது. 5 முறை எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் வைப்பதும் இல்லை. அக்குள் நெறிக்கும் சேர்த்து வைக்க வேண்டியிருந்தால் மூன்று வாரம்தான் பெரும்பாலும். சின்ன வயதுக்காரர்களுக்கு பூஸ்ட்டும் சேரும். 'எனக்கு எத்தனை நாள்? 15 நாளா, 5 நாளா, பூஸ்ட் உண்டா?' என்று கேட்டு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். மாதக்கணக்கு என்று நினைத்துக்கொண்டு மார்பை எடுக்கச் சொன்னவர், மூன்று வாரம் என்று தெரிந்ததும் மாற்றி யோசித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிமார்களுக்கு ஒரு விஷயம். 70 வயது தாண்டி, கட்டி சின்னதாக, நெறியில் பரவாமல், ஈ.ஆர். பாசிட்டிவாக இருந்து, ஐந்து வருடம் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார் என்றால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்டே இல்லாமல் விடலாமா என்று கேட்கலாம்.

ஒரு முறை கரண்ட் வைக்கப் படுக்கையில் இருக்கப்போவது பத்துப் பதினைந்து நிமிடம். வலி கிடையாது. உடம்பில் எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். கஷ்டம் போக்குவரத்தில்தான். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போய்வரவே பகல் முழுதும் போய்விடும். மூன்று வாரம் தினமும் ஏறி இறங்குவது யாருக்கும் சரிவராது. சொந்தக்காரர் வீடு, வாடகை அறை, மருத்துவமனை ஏற்பாடு செய்கிற தங்குமிடம் என்று ஏதாவது ஒன்றில் திங்கள் முதல் வெள்ளி வரை கோவையிலேயே தங்கி, சனி ஞாயிறுக்கு மேலே வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. கோவையில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கொஞ்சம் எட்டியிருக்கிற அறையும் பரவாயில்லை. கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் மேட்டுப்பாளையத்தில் தங்க இடம் இருந்தால் ரயிலில் போய்வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோவை ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ரயிலில் புற்றுநோய்க்காரர்களுக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடோ மைசூரோ பக்கமாகப் படலாம். அங்கே போவதற்கு முன் உங்கள் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேளுங்கள். மைசூருக்குப் போகிற பந்திப்பூர்ப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எந்த மாதத்தில் கரண்ட் விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கலாம். கீமோ இல்லாவிட்டால் ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆரம்பிப்பார்கள். கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் குன்னூர் ரோட்டில் மண் சரிகிற காலம். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆடி மழையில் குந்தா, கூடலூர்ப் பக்கம் இதே கதைதான். கோடை சீசனில் மேலே ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று போலீஸ் மாற்றிவிடும். ஒருநாள் இரண்டு நாள் விட்டுப்போனால் கடைசியில் சேர்த்து வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தால் சிகிச்சையின் பலன் குறையும். மழை மாதம் என்றால் வார இறுதியிலும் கீழேயே தங்கிவிடுங்கள்.

மார்பை முழுதும் எடுத்தால் கரண்டே இல்லை என்று நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, நெறிகளில் நோய் இருந்தாலோ முழுதாக எடுத்த பிறகும் கரண்ட் வைக்கச் சொல்லலாம். நான்கு நெறிகளோ அதற்கு மேலோ என்றால் அநேகமாக நிச்சயம். தூரத்துக்குப் பயந்து மார்பையும் இழந்து, பிறகு மூன்று வாரம் கோவையில் தங்க நேர்ந்தால் மனம் மிகவும் வலிக்கும். 'முழுதா எடுத்த பிறகும் எனக்குக் கரண்ட் வர வாய்ப்பு எவ்வளவு?' என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

ஐந்தாம் படி: அக்குளும் கையும்

மார்பு எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட, அக்குளில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதுதான் நாளை நீங்கள் வேலைக்குப் போவதைத் தீர்மானிக்கும். இலை எடுக்கிற வேலை, கேரட் பிடுங்குகிற வேலை, விறகுச் சுமை எல்லாம் தோளும் கையும்தான். அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தால் கை வீங்கும் அபாயம் கூடுதல். ஆரம்ப நிலையில், ஸ்கேனில் நெறி சுத்தமாகத் தெரிந்தால், நீலச்சாயம் செலுத்தி முதல் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு 'சென்டினல் நெறி' டெஸ்ட் என்று பெயர். மறுநாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு வகை ஆபரேஷனோடும் இதைச் செய்யலாம். 'எனக்கு சென்டினல் செய்வீர்களா, மொத்தமாக எடுப்பீர்களா?' என்று கேட்க மறக்காதீர்கள்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்தே கைப்பயிற்சி தொடங்க வேண்டும். சுவர் முன்னால் நின்று விரல்களால் மேலே மேலே ஏறி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டு, அடுத்த நாள் அதைத் தாண்டப் பாருங்கள். கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகிவிட்டால் அதற்கே முடியாமல் தள்ளிப்போகும்.

கூடையோ சாக்கோ தூக்கவே கூடாது என்று ஆயுள் முழுதும் ஒதுங்கத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டினால் வீக்கம் கூடுவதில்லை. ஆனால் கவாத்துக் கத்தி கீறல், செடி கிழித்த காயம், பூச்சிக்கடி இவற்றை அந்தக் கையில் அலட்சியம் செய்யக் கூடாது. தோட்டத்தில் கையுறை போடுங்கள். கை சிவந்து சுட்டுக் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும், நாளை சந்தை நாளாக இருந்தாலும் சரி.

ஆறாம் படி: ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பிறகு வீட்டில்

கட்டியை மட்டும் எடுத்தால் ஓரிரு நாளில் வீடு. எடுத்த சதையின் வெளிப்பக்கத்தில் மை பூசிப் பார்ப்பார்கள். மை மேல் புற்றுநோய்ச் செல் படாமல் இருந்தால் ஓரம் சுத்தம். பட்டிருந்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இங்கிலாந்துக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. இதற்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு இந்த வழிக்கு வாருங்கள். மார்பு கொஞ்சம் சிறுத்துக் கெட்டிப்படும். தொடு உணர்வு பெரும்பாலும் இருக்கும்.

முழுதாக எடுத்தால் மருத்துவமனையில் சில நாட்கள். நெஞ்சு மரத்துப்போகும். நீர் வடிய ட்ரெயின் குழாய் வைத்து, பெரும்பாலும் அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, அந்த நீர் சேருகிற டப்பாவை ஸ்வெட்டரின் உட்பக்கத்தில் தைத்த துணிப்பைக்குள் வைத்துக்கொள்வாள். காலையும் மாலையும் எத்தனை மில்லி என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது வழக்கம். திரும்பி வருகிற பயணத்தில் அக்குளுக்குக் கீழே சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் உடம்பு கம்பியில் மோதாமல் காக்கும்.

மார்பைத் திரும்ப உருவாக்குகிற ஆபரேஷனை அப்போதே செய்யலாம், பின்னாலும் செய்யலாம். முதுகுச் சதையோ வயிற்றுச் சதையோ சிலிகானோ வைத்துச் செய்வார்கள். வேண்டாம் என்றால் உள்ளாடைக்குள் வைக்கிற சிலிகான் மார்பு கிடைக்கிறது. குளிரில் அது சில்லென்று இருக்கும், போடுவதற்கு முன் கம்பளியில் சுற்றி வையுங்கள். ஒன்றும் வைக்காமல் தட்டையாக இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: பணம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றும் அதில் வரும். அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்கள். ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். விவரம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம். தங்கும் செலவும் இழக்கிற கூலியும் அட்டையில் வராது. அதைத் தனியாக எழுதிப் பாருங்கள்.

எட்டாம் படி: யார் சொல்வது

ஓ.பி. அறையில் டாக்டர் பெண்ணைப் பார்த்துக் கேட்பார், பதில் கணவரிடமிருந்தோ கொழுந்தனிடமிருந்தோ வரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்து போனவர்கள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள். டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

பிறகு உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கீழே தங்க எனக்கு வழி இருக்கிறதா, வீட்டையும் மாட்டையும் யார் பார்ப்பார்கள்? வருடா வருடம் மேமோகிராமுக்குப் போவேனா? மார்பு இல்லாமல் கண்ணாடி முன் நிற்பது எனக்கு எப்படி இருக்கும்? மார்பு இருந்தால் ஒவ்வொரு சின்ன வலிக்கும் தூக்கம் கெடுமா? இதே கேள்விகளுக்கு ஒருத்தி ஒரு விதமாகவும் அவள் தங்கை வேறு விதமாகவும் பதில் சொல்லலாம், இரண்டுமே சரி. என்னைக் கேட்டால், இரண்டு வழியும் திறந்திருந்து, மூன்று வாரம் தங்க வழியும் இருந்தால், கட்டியை மட்டும் எடுப்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள் என்பேன். முதலில் மார்பை வைத்துக்கொண்டால் பின்னால் எடுக்க முடியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தில் எந்தப் பக்கம், எந்த ஆபரேஷன், அக்குளில் என்ன செய்வார்கள் என்று எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'தேவைப்பட்டால் முழுதாக எடுக்கலாம்' என்ற வரி இருந்தால், எந்த நிலையில் தேவைப்படும் என்று கேட்டு, உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு

கட்டியை மட்டும் எடுத்தவர்கள் கரண்ட் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முதல் மேமோகிராமும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மார்புக்கும் எடுக்க வேண்டும். முழுதாக எடுத்தவர்கள் இன்னொரு மார்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை. கரண்ட் வைத்த தோல் சில வாரம் கறுத்து உரியலாம். அது ஆறும்வரை கம்பளி ஸ்வெட்டர் நேராகத் தோலில் படாமல் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். தழும்பில் புதுக் கட்டி, தோலில் சிவப்பு முடிச்சு, அக்குளில் நெறி, விடாத எலும்பு வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் இறங்கிப் போய்க் காட்டுங்கள்.